ஜவ்வாது மலை இளைஞர்களும் நம் மண்டி வியாபாரமும்



நமது சங்கத்தின் மாதக் கூட்டங்களில் கொஞ்ச காலமாக ஒரு பேச்சு திரும்பத் திரும்ப வருகிறது. ஜவ்வாது மலைச் சரக்கு முன்போல மண்டிக்கு இறங்குவதில்லை. சாமையும் புளியும் தேனும் மலையிலேயே பொட்டலமாகிறது. போனில் விலை பேசி, கூரியரில் சென்னைக்குப் போகிறது. மலைப் பையன்கள் ஒரு தொழிலில் நிற்காமல் நாலு தொழில் பார்க்கிறார்கள், இவர்களை நம்பி எப்படி வியாபாரம் செய்வது, சங்கம் ஏதாவது செய்ய வேண்டாமா என்பது அந்தப் பேச்சு. பேசியவர்கள் எல்லாரும் என்னோடு நாற்பது வருஷம் பழகியவர்கள். அவர்கள் சொல்வதில் சரக்குக் கணக்கு சரி. ஆனால் அதிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவு சரியல்ல என்பது என் கருத்து. கூட்டத்தில் ஐந்து நிமிஷத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

மலையைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரிந்தது போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறும் ரோடும், பீமன் அருவியும், கோலப்பன் ஏரிப் படகும்தான். காவலூரில் வானத்தைப் பார்க்கும் பெரிய தொலைநோக்கி இருக்கிறது, பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டியிருப்போம். 2.34 மீட்டர் கண்ணாடி கொண்ட அந்தத் தொலைநோக்கி 1986ல் திறக்கப்பட்டது. மலை ஒன்றுதான், நிர்வாகம்தான் மூன்று மாவட்டமாகப் பிரிந்து கிடக்கிறது. ஒரு பக்கம் திருவண்ணாமலை, ஒரு பக்கம் திருப்பத்தூர், இன்னொரு பக்கம் வேலூர். 1989ல் நம் மாவட்டம் பிரிவதற்கு முன் எல்லாம் வடஆற்காடுதான். அங்கே வாழ்பவர்கள் பெரும்பாலும் மலையாளி என்ற பழங்குடி மக்கள். கேரளத்து மலையாளிகளோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் என்பார்கள், பேசுவது தமிழ்தான்.

இந்த மக்கள் இன்றைக்குப் புதிதாக நாலு தொழில் பார்க்க ஆரம்பித்தார்கள் என்று சொல்வது தவறு. என்றைக்குமே அவர்களுக்கு ஒரு தொழில் கிடையாது. ஆனி, ஆடியில் மழை பார்த்துச் சாமை விதைப்பார்கள். புரட்டாசிக் கடைசியிலிருந்து கார்த்திகை வரை அறுவடை. நடுவில் ஆவணி, புரட்டாசியில் சீத்தாப்பழம் கூடை கூடையாகக் கீழே வரும். மார்கழி தொடங்கிக் கடுக்காய் பொறுக்குவார்கள். ஒரு காலத்தில் வாணியம்பாடி, ஆம்பூர் தோல் பதனிடுகிறவர்களுக்கு அது மூட்டை மூட்டையாகப் போனது. இப்போது நாட்டு மருந்துக் கடைக்காரர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். மாசி, பங்குனியில் புளி. சித்திரை, வைகாசியில் தேன். வைகாசி, ஆனியில் பலா. இதற்கு இடையில் ஆடு, மாடு, கோழி. இதில் எந்த ஒன்றும் ஒரு குடும்பத்துக்கு வருஷச் சோறு போடாது. எல்லாம் சேர்ந்தாலும் நாலைந்து மாதம் துண்டு விழும்.

அந்தத் துண்டு விழும் மாதங்களில்தான் அவர்கள் மலையை விட்டு இறங்குகிறார்கள். குடகுக்குக் காப்பி பறிக்க, கேரளத் தோட்டங்களுக்கு, திருப்பூருக்கு, ஆழ்துளைக் கிணறு போடும் லாரிகளுக்கு. வீட்டில் கிழவனும் கிழவியும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையும் இருப்பார்கள். போகிறவர்கள் குழந்தையையும் கூட அழைத்துப் போனால் அந்த வருஷம் அதன் படிப்பு அதோடு சரி.

இறங்கிப் போன இடங்களில் ஒன்றைப் பற்றி நாம் வாய்விட்டுப் பேசுவதில்லை. 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் தேதி திருப்பதிக்குப் பக்கத்தில் சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்றது போலீஸ். இறந்தவர்களில் நம் மாவட்டத்தாரும் தர்மபுரி மாவட்டத்தாரும்தான் அதிகம், நம் ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் உண்டு. அந்தச் சுட்டது சரியா தவறா என்ற வழக்கு வேறு. நான் கேட்பது ஒன்றுதான். ஒரு தரகன் வந்து, ஒரு வாரத்தில் இத்தனை ஆயிரம் என்று ஆசை காட்டினால், உயிர் போகும் என்று தெரிந்தும் ஒரு வாலிபன் லாரியில் ஏறுகிறான் என்றால், அந்த மாதம் அவன் கையில் என்ன இருந்திருக்கும்? புளியும் விற்றாயிற்று, முன்பணமும் கழிந்தாயிற்று. தேன் இன்னும் வரவில்லை. பங்குனிக் கடைசி என்பது அப்படிப்பட்ட மாதம்.

ஆகவே மலையில் இருந்துகொண்டே பன்னிரண்டு மாதமும் கைக்குக் காசு வருகிற மாதிரி ஒரு பையன் நாலைந்து வேலைகளைச் சேர்த்துக் கட்டிக்கொள்கிறான் என்றால், அதைப் பார்த்து நாம் முகம் சுளிக்க வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பையன் இருக்கிறான். பிளஸ் டூ வரை படித்தவன். சொந்த நிலத்தில் சாமை போடுகிறான். பக்கத்து வீட்டுச் சாமையையும் வாங்கி அரைத்துக் கொண்டுவருகிறான். பைக்கில் ஊர் ஊராகப் போய் ரீசார்ஜ், மின்சார பில் கட்டிக் கொடுக்கிறான். சனி, ஞாயிறுகளில் வெளியூர்க்காரர்களை அருவிக்கு அழைத்துப் போகிறான், அவன் அம்மா களியும் கோழிக் குழம்பும் வைத்துக் கொடுக்கிறாள். பௌர்ணமிக்குக் கீழே இறங்கிக் கிரிவலப் பாதையில் தேன் பாட்டில் விற்கிறான். இவனைத்தான் நம் நண்பர் ஒருவர் 'ஒரு இடத்தில் நிலையாக நிற்காதவன், இவனுக்கு எப்படிச் சரக்குக் கடன் கொடுப்பது' என்றார்.

அந்த நண்பர் சின்னக்கடை வீதியில் மளிகை வைத்திருக்கிறார். பௌர்ணமிக்கு அவர் கடை வாசலில் தண்ணீர் பாட்டிலும் கற்பூரமும்தான் முன்னால் இருக்கும், பருப்பும் புளியும் பின்னால் போய்விடும். தீபத்துக்கு அகல் விளக்கும் திரியும் வைப்பார். தைக்கு மஞ்சள் கொத்தும் கரும்பும். ஜூன் மாதம் நோட்டுப் புத்தகம். மாடியில் தீபத்தன்று வெளியூர் பக்தர்களுக்கு ரூம் வாடகை. இதை அவர் செய்தால் சாமர்த்தியம் என்கிறோம். நம் ஊரில் ஒரே தொழிலை நம்பிய வியாபாரி யார் இருக்கிறார்? கிரிவலம் இல்லாவிட்டால் நம்மில் பாதிப் பேர் கடையைப் பூட்டியிருப்போம், 2020ல் தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் வெளியூர்க் கூட்டம் வராத அந்த வருஷத்தில் நாம் பட்ட பாடு நமக்கே தெரியும்.

இனிச் சரக்குக்கு வருவோம். சாமையை எடுத்துக்கொள்ளுங்கள். மலையில் சாமையை உமியோடு அளந்து விற்பதுதான் பழைய வழக்கம். உமியோடு நூறு கிலோ வாங்கினால், கல் மண் போக்கி, உமி நீக்கிச் சலித்த பிறகு அறுபது முதல் அறுபத்தைந்து கிலோ அரிசி நிற்கும். கணக்குக்காக ஒரு விலை வைத்துக்கொள்வோம். உமிச் சாமை கிலோ 40 ரூபாய் என்றால் நூறு கிலோவுக்கு 4,000 ரூபாய். அரிசியாக 62 கிலோ, கிலோ 90 ரூபாய் என்றால் 5,580 ரூபாய். அரவைக் கூலி கிலோவுக்கு 6 ரூபாய் வீதம் 600 போனால் மிச்சம் 980 ரூபாய். சாக்கு, வண்டிச் சத்தம் போக எண்ணூறு ரூபாயாவது நிற்கும். பத்து மூட்டைச் சாமை விளைகிற வீட்டில் எட்டாயிரம் ரூபாய். நமக்கு அது ஒரு நாள் கல்லா. அவனுக்கு அது பங்குனி மாதம்.

இந்த எட்டாயிரம் முன்பு எங்கே இருந்தது என்று கேட்டால், கொஞ்சம் நம்மிடம், பெரும்பகுதி அரவை ஆலைகளிடம். நமக்கு நஷ்டம் என்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. உமிச் சாமையை வாங்கி, லாரியில் வெளியூர் ஆலைக்கு ஏற்றி, அங்கே அரைத்து, திரும்ப அரிசியாக வாங்கி விற்கிறபோது, நாம் உமிக்கும் சேர்த்து லாரி வாடகை கொடுக்கிறோம். நூறு கிலோவில் முப்பத்தைந்து கிலோ உமிக்கும் தவிட்டுக்கும் கொடுக்கும் வாடகையை யாரும் நமக்குத் திருப்பித் தருவதில்லை. மலையிலேயே அரைத்து வந்தால் அந்த வாடகை மிச்சம். சாமை அரிசி வாங்குகிற மொத்த வியாபாரிகள் தங்கள் போன வருஷப் பேரேட்டை எடுத்து வைத்துப் பார்க்கட்டும்.

சாமைக்கு இன்று கிராக்கி இருக்கிறது என்பதை மறுப்பவர்கள் யாரும் இல்லை. 2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. டாக்டர்கள் சர்க்கரை நோயாளிகளுக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். நம் ஊருக்குப் பக்கத்தில் அத்தியந்தலில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இருக்கிறது. அங்கே உருவாக்கிய 'அத்தியந்தல் 1' என்ற சாமை ரகம் 2019ல் வெளிவந்தது. சாமைக்கு நம் ஊர்ப் பெயரிலேயே ஒரு ரகம் இருக்கிறது, அதை விற்கிற நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இந்த இடத்தில் கொல்லிமலைக் கதையைச் சொல்ல வேண்டும். அங்கேயும் இதே போல் மலையாளி மக்கள், இதே சாமை, தினை, கேழ்வரகு. சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளி தேவைப்பட்டது. ரோடு வந்ததும் மலையில் மரவள்ளி ஏறியது, சாமை இறங்கியது. மரவள்ளியில் ஒரே தடவையில் பெரிய தொகை கிடைக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் கிழங்கு விலை விழுந்த வருஷம் வீட்டில் சாப்பிடச் சாமையும் இருக்காது. பிறகு எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் அங்கே போய், பெண்கள் குழுக்களைச் சேர்த்து, ஊரிலேயே சிறு அரவை இயந்திரங்கள் வைத்து, சாமையை அரிசியாகவும் மாவாகவும் பொட்டலம் போட்டு விற்கிற ஏற்பாட்டைச் செய்தார்கள். சாமை அரைப்பது மலைப் பெண்களுக்கு உரல் உலக்கையில் ஒரு நாள் முழுக்க முதுகு ஒடிகிற வேலை. அதனால்தான் பல வீடுகளில் விதைப்பதையே விட்டார்கள். இயந்திரம் வந்தபின் மறுபடி விதைக்கத் தொடங்கினார்கள். ஒரே பயிர், ஒரே ஆலை, ஒரே விலை என்று மலையைக் கட்டிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட உதாரணம் வேண்டாம்.

நீலகிரியில் வேறு மாதிரி. கோத்தகிரியில் 1993ல் தொடங்கிய கீஸ்டோன் என்ற அறக்கட்டளை தேன் எடுக்கும் பழங்குடியினரோடு வேலை செய்து, அதன் வழியாக 2013ல் ஆதிமலை என்ற பெயரில் பழங்குடியினரே பங்குதாரர்களாக உள்ள உற்பத்தியாளர் கம்பெனி உருவானது. இப்படி விவசாயிகளே கம்பெனி வைக்கலாம் என்று சட்டத்தில் வழி செய்தது 2002ஆம் ஆண்டுத் திருத்தம். நம் ஜவ்வாது மலையிலும் அப்படி ஒரு பழங்குடி உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் இருக்கிறது. லாம்ப் என்று சொல்லும் பழங்குடியினர் பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் அதற்கு முன்பிருந்தே இருக்கிறது. இவையெல்லாம் நமக்குப் போட்டி என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தனித்தனியாக முப்பது பேரிடம் முப்பது மாதிரிச் சரக்கு, முப்பது மாதிரி ஈரம், பில் கிடையாது என்று வாங்கி நாம் படும் பாடு கொஞ்சமா? ஒரு கம்பெனியிடம் ஒரே தரத்தில், ஒரே பில்லில் ஒரு லோடு எடுத்தால் நம் கணக்கருக்கும் நிம்மதி, வரி ஆபீசிலும் பதில் சொல்லலாம். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை உறையிட்டு லேபிள் ஒட்டிய தானியத்துக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தபின் பில் இல்லாத சரக்கு யாருக்கும் நல்லதில்லை.

'நேரே சென்னைக்கு அனுப்புகிறானே' என்ற கேள்விக்கு வருகிறேன். அனுப்பட்டும். மாதம் நூறு பொட்டலம், இருநூறு பொட்டலம் அனுப்புவான். ஒரு கிலோ சாமைக்குக் கூரியர் செலவே சரக்கு விலையில் பாதியைத் தின்னும். உடைந்து வந்தது, பூச்சி வந்தது என்று திருப்பி அனுப்பினால் அந்தச் செலவும் அவனுக்கு. அதனால் அவன் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அப்படி விற்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. மீதி நாலு பங்கு எங்கே போகும்? சேர்த்து வாங்க, தரம் பிரிக்க, கடைக்காரருக்குப் பதினைந்து நாள் தவணை கொடுக்க, மழைக்காலத்தில் இருப்பு வைக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் மண்டிக்காரர். நம் வியாபாரத்தை இன்று அரிப்பவர்கள் பெரிய பெரிய சூப்பர் மார்க்கெட்காரர்களும், பத்து நிமிஷத்தில் வீட்டுக்கு வந்து கொடுக்கிற கம்பெனிக்காரர்களும். அவர்களைப் பற்றித் தீர்மானம் போடத் தயங்கிவிட்டு, பைக்கில் தேன் விற்கிற நாற்பது பையன்களைப் பற்றிக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசுகிறோம்.

புளி விஷயத்தில் கொஞ்சம் கசப்பாகத்தான் பேச வேண்டியிருக்கிறது. மரம் பூத்திருக்கும்போதே மரத்துக்கு இவ்வளவு என்று பேசி முன்பணம் கொடுத்துவிடுகிற வழக்கம் நம் பக்கத்தில் நெடுநாள் வழக்கம். ஆடி, ஆவணியில், வீட்டில் தானியம் தீர்ந்து, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வந்து நிற்கிறபோது பேசுகிற விலை அது. மாசியில் புளி விலை இரண்டு மடங்கு இருந்தாலும் பேசியது பேசியதுதான். முன்பணம் கொடுப்பவர்கள் எல்லாம் கொடுமைக்காரர்கள் என்று எழுதுகிறவர்களோடு நான் உடன்படவில்லை. ராத்திரி பத்து மணிக்கு ஆஸ்பத்திரிச் செலவுக்கு எந்த பாங்கும் திறந்திருக்காது, வியாபாரி வீட்டுக் கதவுதான் திறக்கும். மரம் காய்க்காத வருஷம் முன்பணம் முழுகிப்போன வியாபாரிகளையும் எனக்குத் தெரியும். ஆனால் கடன் வேறு, கொள்முதல் வேறு. கடன் கொடுத்தவர் வட்டியோடு கடனை வாங்கிக்கொள்ளட்டும். புளியை அன்றைய சந்தை விலைக்கு வாங்கட்டும். இரண்டையும் ஒரே சிட்டையில் எழுதுவதால்தான் மலைக்காரர் நம்மைக் கண்டால் ஒதுங்குகிறார். வன உரிமைச் சட்டம் 2006ல் வந்து, காட்டில் கிடைக்கும் சிறு வனப் பொருள்களைச் சேகரித்து விற்கும் உரிமையையும் அவர்களுக்குக் கொடுத்துவிட்டது. படித்த பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரியும். பழைய சிட்டையைக் காட்டி இனி வியாபாரம் நடக்காது.

புளியில் வேலைக்கும் இடம் இருக்கிறது. ஓட்டோடு நூறு கிலோ புளியில் சதை ஏறத்தாழ 55 கிலோ, கொட்டை 34 கிலோ, ஓடும் நாரும் 11 கிலோ. ஓட்டுப் புளியை அப்படியே வேனில் ஏற்றி இறக்கினால் பாதி வாடகை ஓட்டுக்கும் கொட்டைக்கும் போகிறது. மலையிலேயே ஓடு தட்டி, கொட்டை எடுத்துக் கொண்டுவந்தால், அந்தக் கூலி மலைப் பெண்களுக்கு. கொட்டையைத் தனியே சேர்த்து வைத்தால் கஞ்சிப் பசை மாவு ஆலைக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள், துணி நெசவுக்கு அந்த மாவு வேண்டும். நான் சொல்வது புதுமை ஒன்றும் இல்லை, தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இந்த வேலைதான்.

மலைப் பிள்ளைகள் தரப்பிலும் குறை இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் ஒரு பக்கம் சாய்ந்ததாகிவிடும். ஈரப் புளியைக் காய்ந்தது என்று கொண்டுவருவது, மேலே நல்ல சரக்கு வைத்து அடியில் கழிவு வைப்பது, பத்து மூட்டை என்று சொல்லிவிட்டு ஆறு மூட்டையோடு வருவது, போனை எடுக்காமல் இருப்பது, இவை நடக்கின்றன. தேன் விஷயம் இன்னும் மோசம். மலைத் தேன் என்று கிரிவலப் பாதையில் விற்பதெல்லாம் மலைத் தேன் இல்லை. வெல்லப் பாகு காய்ச்சி விற்பவர்கள் மலைக்காரர்கள் இல்லை, சமவெளிக்காரர்கள்தான், ஆனால் கெட்ட பெயர் மலைக்கு. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து எண் வாங்கி, பாட்டிலில் எடுத்த ஊரும் மாதமும் எழுதி விற்கட்டும். அப்படி எழுதிய பாட்டிலை நம் கடைகளில் கண் பார்க்கும் தட்டில் வைக்க நாம் முன்வர வேண்டும்.

கம்ப்யூட்டர் வேலை மலைக்கு வருமா என்று என் பேரன் கேட்டான். தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறை என்ற ஊரில், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில், ஸோஹோ கம்பெனி 2011லிருந்து ஆபீஸ் நடத்துகிறது. அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு 2019ல் அமெரிக்காவை விட்டு அந்தப் பக்கமே வந்து குடியேறி, அங்கிருந்தே கம்பெனியைப் பார்த்தார். 2021ல் பத்மஸ்ரீயும் கொடுத்தார்கள். நல்லது. ஆனால் ஜவ்வாது மலைக்கு அப்படி ஒருவர் வருவார் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை. நம்மால் முடிந்த அளவில் ஒரு வழி இருக்கிறது. நம் கடைகளில் இன்று பில் போடுவதும் ஸ்டாக் ஏற்றுவதும் ஜி.எஸ்.டி. கணக்கும் கம்ப்யூட்டரில்தான். கணக்குப்பிள்ளை கிடைக்காமல் மாதக் கடைசியில் ஓடுகிறோம். பி.காம். படித்துவிட்டு ஜமுனாமரத்தூரில் வீட்டில் இருக்கிற ஒரு பெண்ணால், நாம் போனில் படம் எடுத்து அனுப்பும் கொள்முதல் பில்களை அங்கிருந்தே ஏற்ற முடியும். மூன்று கடைக்காரர்கள் சேர்ந்து ஆளுக்கு இரண்டாயிரம் கொடுத்தால் அவளுக்கு மாதம் ஆறாயிரம், அறுவடை நாளில் அவள் நிலத்தையும் பார்த்துக்கொள்ளலாம். சிக்னல் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை என்பது நிஜம். கிடைக்கிற ஊரிலிருந்து தொடங்கலாம். வாரத்துக்கு ஒரு நாள் பஸ்ஸில் வந்து கணக்கைச் சரிபார்த்துப் போகட்டும்.

சுற்றுலா பற்றி ஒரு எச்சரிக்கை. ஜமுனாமரத்தூரில் கோடை விழா நடக்கிறது, கூட்டம் வருகிறது, மலை வீட்டில் தங்க வைத்துச் சாப்பாடு போடுவதில் காசு இருக்கிறது. அந்தக் காசு மலை வீட்டுக்குப் போகிறவரை நல்லதுதான். ஆனால் நம்மில் வசதி உள்ள சிலர், பெயர் வேண்டாம், மலையில் இடம் பார்த்து ரிசார்ட் கட்டலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். நிலம் கைமாறினால் சாமை விதைத்தவன் அதே இடத்தில் செருப்பு காவல் காப்பான். நமக்குச் சாமையும் வராது, அவன் நம் கடைக்கு மாதச் சாமான் வாங்கவும் வரமாட்டான். இடம் வாங்குவதை விட்டு, அங்கே ஏற்கனவே வீட்டில் ரூம் வைத்திருப்பவர்களுக்கு அரிசி, எண்ணெய், மசாலாவை மொத்த விலையில் கொடுத்தால் அதுவே நமக்கு ஒழுங்கான வியாபாரம்.

அவன் வாங்க வரமாட்டான் என்று சொன்னேன். இதை மலையடிவாரக் கடைக்காரர்கள் நன்றாக அறிவார்கள். குடும்பம் குடகுக்குப் போன மாதங்களில் போளூர், செங்கம் கடைகளில் வெள்ளிக்கிழமை விற்பனை எப்படிச் சுருங்குகிறது என்று அவர்களைக் கேளுங்கள். வெளியூரில் சம்பாதித்ததில் பாதி அங்கேயே கரைந்துவிடும். மலையில் சம்பாதித்தது நம் கடைகளில்தான் செலவாகும். உப்பு, எண்ணெய், சோப்பு, துணி, பள்ளிக்கூடப் பை எல்லாம் அவனுக்குக் கீழேயிருந்துதானே போக வேண்டும்.

நம் உறுப்பினர்கள் செய்ய வேண்டியது பெரிய தர்மம் ஒன்றும் இல்லை. எடை போட்ட அன்றே ரொக்கமோ போன் மூலம் பணமோ கொடுப்பது. எலெக்ட்ரானிக் தராசில் எடை போட்டு, அவன் கண்ணெதிரே எண்ணைக் காட்டி, சீட்டு கொடுப்பது. கழிவு என்று கண்ணை மூடிக்கொண்டு கிலோ பிடிப்பதை விட்டு, ஈரமானி வைத்து ஈரத்துக்கு ஏற்ற விலை சொல்வது. ஈரம் அதிகம் என்றால் எடுத்துப் போய்க் காயவைத்துக் கொண்டுவா என்று சொல்லும் உரிமை நமக்கு அப்போதுதான் வரும். சரியாகச் சரக்கு கொடுக்கிற பையனுக்குச் சாக்கும் பதினைந்து நாள் மளிகைக் கடனும் கொடுத்துப் பார்ப்பது. அவன் நாலு தொழில் பார்ப்பவன் என்பதே அந்தக் கடனுக்கு ஜாமீன், ஒன்று போனாலும் இன்னொன்றில் காசு வரும். ஒரே பயிரை நம்பியவனுக்குக் கொடுத்த கடன்தான் மழை பொய்த்த வருஷம் திரும்பி வராமல் போகும், நம் பழைய பேரேடுகளில் அப்படி நிற்கிற பாக்கிகள் எத்தனையோ.

மாசியில் புளி இறங்கத் தொடங்கிவிடும். அதற்கு முன் தை மாதக் கூட்டத்தில் இதைத் தனிப் பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மலை உற்பத்தியாளர் நிறுவனத்தாரில் இரண்டு பேரையும், சாமை அரைத்துக் கொண்டுவரும் பிள்ளைகளில் நாலைந்து பேரையும் அன்று அழைத்து, நம் எதிரில் உட்கார வைத்துப் பேச வேண்டும். வரும் பருவத்துக்கு எந்தத் தரத்தில் எத்தனை மூட்டை என்று அன்றே பேசி எழுதிக்கொள்ளலாம். சங்கத்துக்குப் பொதுவாக ஒரு ஈரமானி வாங்க வேண்டும், அதன் விலையில் பாதியை எங்கள் மண்டி கொடுக்கும். மீதிப் பாதிக்குப் புளி வியாபாரிகள் யாராவது கை தூக்கினால் தை பிறந்ததும் வாங்கிவிடலாம்.